பத்து நிமிஷம்

அந்தப் புத்தகத்துக்கு முன்னட்டை இல்லை, பின்னட்டையும் இல்லை. முதுகில் கோந்து காய்ந்து செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. விழுப்புரத்தில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு எதிரே ஒரு பழைய பேப்பர் கடை. எடைக்குப் போட்ட ப்ளஸ் டூ நோட்டுகளுக்கு நடுவே அது கிடந்தது. கடைக்காரர் ஒரு ரூபாய் கேட்டார். தலைப்புப் பக்கம் தப்பித்திருந்ததால் பெயர் தெரிந்தது: அகதா கிறிஸ்டி எழுதிய ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்டு’, 1926-ல் வெளிவந்த நாவல். நான் வாங்கியது 1989 பிப்ரவரியில். சட்டமன்றத் தேர்தல் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, சுவர்களில் சின்னங்கள் பளபளத்துக்கொண்டிருந்தன. எனக்கு வயது 24.

குடியிருப்பு திண்டிவனத்தில், வேலை விழுப்புரத்தில். சீசன் டிக்கெட். விழுப்புரம் அப்போது மாவட்டத் தலைநகர் ஆகவில்லை, அது 1993-ல். எதற்கெடுத்தாலும் கடலூருக்கு ஓட வேண்டும். ஆனால் ரயிலைப் பொறுத்தவரை அதுதான் தலைநகர். சென்னை, திருச்சி, மாயவரம், புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கமும் பாதை பிரியும். எழும்பூரிலிருந்து வரும் மின்கம்பி விழுப்புரத்தோடு நின்றுவிடும். அதனால் தெற்கே போகிற எக்ஸ்பிரஸ்களுக்கெல்லாம் அங்கே எஞ்சின் மாற்றியாக வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தில் பிளாட்பாரத்தில் ஒரு திருவிழாவே நடந்து முடியும். கூஜாவில் தண்ணீர் பிடிப்பவர்கள், தயிர்சாதப் பொட்டலம் விற்பவர்கள், சில்லறைக்குச் சண்டை போடுபவர்கள், வழியனுப்ப வந்து பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டவர்கள்.

எங்கள் காலை பாசஞ்சரில் இந்தப் பரபரப்பு எதுவும் கிடையாது. மீட்டர்கேஜ் வண்டி. திண்டிவனம் விட்டால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம். முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலையின் புளித்த பாகு வாசனை ஜன்னல் வழியே ஏறும். அதுதான் எங்களுக்கு மணி. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்வோம்.

ஒரே பெட்டியில் தினமும் ஏறுகிற எங்கள் கூட்டத்தில் ஏழெட்டுப் பேர். விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்த அண்ணன். ஆஸ்பத்திரி கம்பவுண்டர். ஒரு பத்திர எழுத்தர், சார்பதிவாளர் அலுவலக வாசலில் மேசை போட்டு உட்காருபவர். விக்கிரவாண்டியில் ஏறும் மைக் செட்டுக்காரர். பேரணியில் கூடையோடு ஏறும் கொய்யாக்கார ஆயா. மயிலத்தில் ஏறும் ஒரு டீச்சர். அப்புறம் நான். அது மாத நாவல்களின் பொற்காலம். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று ஏதாவது ஒன்று எல்லார் பையிலும் இருக்கும். ஒருவர் படித்து முடித்ததை அடுத்தவர் கேட்காமலே எடுத்துக்கொள்வார். ஆங்கிலப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து ஃபிட்டர் அண்ணன்தான் தொடங்கிவைத்தார்.

“இன்னா கதை தம்பி அது?”

“கொலைக் கதைண்ணே.”

“நீயே படிச்சிக்கினு இருந்தா எப்படி? சொல்லு.”

முந்தின இரவுதான் ஒரே மூச்சில் படித்து முடித்திருந்தேன். சொல்லத் தொடங்கிய பிறகுதான் சிக்கல் புரிந்தது. ஆரணி குப்புசாமி முதலியாராக இருந்தால் கவலையே இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில மர்மக் கதைகளை ஆள், ஊர், சாதி எல்லாம் மாற்றி நம்மூர்க் கதையாகவே ஆக்கிவிட்டவர் அவர். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. பெயர்களை அப்படியே சொன்னேன். பெட்டி அவற்றைத் தானே மாற்றிக்கொண்டது. அக்ராய்டு ‘பெரிய வீட்டுக்காரர்’ ஆனார், ஹெர்க்யூல் புவாரோ ‘மீசைக்காரர்’. கதையை அந்த ஊர் டாக்டர் ‘நான், நான்’ என்று சொல்லிப் போகிறார். நானும் அப்படியே சொன்னேன். ‘நான் பெரிய வீட்டுக்குப் போனேன், நான் கதவைத் தட்டினேன்.’ மூன்றாம் நாளே எனக்கு ‘டாக்டர்’ என்று பெயர் விழுந்துவிட்டது. ஒரு சேதி: மயிலம் தாண்டினால்தான் கதை தொடங்கும். ஏறுகிறவர்கள் ஏறி, சத்தம் அடங்கட்டும் என்பதுதான் காரணம் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

கதை நடக்கும் ஊர் கிங்ஸ் அபட். பெரிய ரயில் நிலையம், சின்னத் தபாலாபீஸ், ஒன்றுக்கொன்று போட்டியாக இரண்டு மளிகைக் கடை. உழைக்கிற வயசுப் பிள்ளைகள் ஊரை விட்டுப் போய்விட, மிச்சம் இருப்பது கல்யாணமாகாத அம்மணிகளும் பென்ஷன் வாங்கும் பட்டாளத்துக்காரர்களும். பொழுதுபோக்கு, வம்பு. இதைச் சொன்னதும் பெட்டி நிமிர்ந்து உட்கார்ந்தது. “இது ஒலக்கூர்டா” என்றார் ஒருவர். அது ஜங்ஷன் வேறு, பெரிய எக்ஸ்பிரஸ்கள் நிற்கும் ஊர் என்றேன். “அப்ப விழுப்புரம்” என்று ஃபிட்டர் அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இங்கிலாந்தை யாரும் நினைக்கவில்லை.

மீசைக்காரர் துப்பறியும் தொழிலை விட்டுவிட்டு அந்த ஊரில் குடியேறி, ‘வெஜிடபிள் மேரோ’ பயிரிடுகிறார். அது என்ன காய் என்பதில் ஒரு நாள் முழுக்கப் போனது. நான் சுரைக்காய் என்றேன். கோபத்தில் அதை மதிலுக்கு மேல் எறிந்து பக்கத்து வீட்டு டாக்டரின் காலடியில் விழவைக்கிறார் என்று சொன்னதும், “சுரைக்காய எறிய முடியாது தம்பி, பூசணிப் பிஞ்சா இருக்கும்” என்று கொய்யாக்கார ஆயா திருத்தினார். கொலையைப் பற்றிக்கூட அவ்வளவு சண்டை வரவில்லை.

அந்த ஒரு மாதத்தில் நான் கண்டுகொண்டது, துப்பறியும் கதையை யாரும் மூளையால் மட்டும் படிப்பதில்லை என்பது. அவரவர் கைத்தொழிலால் படிக்கிறார்கள். கணவனுக்கு விஷம் வைத்த ஒரு பெண், தன்னை ஒருவன் மிரட்டிப் பணம் பறிப்பது தாங்காமல் வெரோனால் அதிகமாகச் சாப்பிட்டு இறந்துபோகிறாள். கதை அங்கிருந்துதான் புறப்படுகிறது. கம்பவுண்டர் உடனே, “வெரோனால்னா நம்ம கார்டினாலுக்குப் பெரியப்பா, ஒரே குடும்பம்” என்றார். முதல் உலகப் போரின்போது கிறிஸ்டி டார்க்கி நகர ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கும் வேலை பார்த்தவர் என்று சொன்னதும், அவருக்கு ஆசிரியர் மேல் தனி மரியாதை வந்துவிட்டது. “அதான். அளவு தெரிஞ்சவங்க எழுதினது.”

அக்ராய்டு தன் அறையில் துனீசியக் குத்துவாளால் குத்தப்பட்டுக் கிடக்கிறார். டாக்டருக்கு ஒரு போன் வருகிறது, கொலை நடந்துவிட்டது என்று. விசாரித்தால் அது ரயில் நிலையத்துப் பொதுத் தொலைபேசியிலிருந்து 10.15-க்குப் பேசியது. 10.23-க்கு லிவர்பூல் போகும் இரவு மெயில். ஃபிட்டர் அண்ணன் விரலைச் சொடுக்கினார். “போன் பண்ணவன் அந்த வண்டியில ஏறிட்டான். எட்டு நிமிஷம் தாராளம். இனிமே அவன எங்க தேடறது?” மீசைக்காரருக்கு இது உறுதியாக இன்னும் பதினைந்து அத்தியாயம் தேவைப்பட்டது.

ஆனால் என்னை அசரவைத்தவர் மைக் செட்டுக்காரர். அன்றிரவு ஒன்பதரைக்கு மூடிய கதவுக்குப் பின்னால் அக்ராய்டு பேசிக்கொண்டிருந்தது கேட்டது, ஆகவே அதுவரை அவர் உயிரோடு இருந்தார் என்று எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். அவர் சிரித்தார். “குரல் கேட்டா ஆள் இருக்கார்னு எப்படி சார் சொல்றீங்க? சீர்காழி போயி வருஷம் ஆகப்போவுது. இன்னிக்கு விடியக்காலையில விக்கிரவாண்டி பூரா அவர் குரல்தான். நான்தான் போட்டேன்.” எனக்கு வியர்த்துவிட்டது. பேச்சைப் பதிவுசெய்யும் டிக்டாபோன் என்ற கருவிதான் கதையின் உயிர்நாடி. அதை விற்க வந்தவனைப் பற்றிய ஒரு வரியை நான் போகிற போக்கில் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான்.

பத்திர எழுத்தர் மட்டும் அதிகம் பேசவில்லை. உயில் என்ன, வாரிசு யார், வளர்ப்பு மகனுக்குப் பங்கு உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். டீச்சர் மடியில் திருத்த வேண்டிய நோட்டுகளோடு கேட்டுக்கொண்டிருப்பார். சிவப்பு மை நகர்ந்துகொண்டே இருக்கும்.

மொத்தம் 27 அத்தியாயம். 24-வது முடிகிற இடத்தில் மீசைக்காரர் எல்லாரையும் தன் வீட்டில் கூட்டி உட்காரவைக்கிறார். கொலைகாரர் இந்த அறையிலேயே இருக்கிறார், எனக்குத் தெரியும், நாளைக் காலை உண்மை இன்ஸ்பெக்டரிடம் போய்விடும் என்கிறார். அதைச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

“அப்புறம்?”

“இதுக்கு மேல பக்கம் இல்லண்ணே” என்றேன்.

அடுத்த இரண்டு வாரம் அந்தப் பெட்டியில் நடந்ததுபோல ஓர் இலக்கியக் கூட்டத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. பரிசாரகனா, செக்ரெட்டரியா, வேட்டைக்காரரான அந்த மேஜரா? கம்பவுண்டர் பரிசாரகன் பக்கம். டாக்டர் மேல் ஏன் சந்தேகம் வரவில்லை என்று யாரோ கேட்டதற்கு அவர்தான் மறுத்தார்: “டாக்டர் எதுக்குக் கத்திய எடுக்கணும்? கையிலதான் மருந்து இருக்கே.” பத்திர எழுத்தர் வளர்ப்பு மகன் ரால்ஃபை விடுவதாக இல்லை. சம்பந்தமே இல்லாத அடுத்த பெட்டிக்காரர்கள் பேரணியில் இறங்கி எங்கள் பெட்டிக்கு மாறி ஏறினார்கள். ஒருநாள் டிக்கெட் பரிசோதகர் சீசன் அட்டையைக் கேட்க மறந்து, பெரிய வீட்டை நிர்வகிக்கும் மிஸ் ரசலைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்.

ஒருநாள் டீச்சர் தலை நிமிராமல், “எனக்குக் கதை சொல்றவர் மேலதான் சந்தேகமா இருக்கு” என்றார். கதையில் வரும் டாக்டரைச் சொல்கிறார் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டு, கம்பவுண்டரின் வாதத்தையே திருப்பிச் சொன்னார்கள். அவர் மேற்கொண்டு பேசவில்லை.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இன்னொரு பிரதி அகப்பட்டது, கடைசிப் பக்கங்களை மட்டும் கிழித்துக் கொண்டுவந்தேன் என்று சொல்லி மீதியைப் படித்துக் காட்டினேன். ஏறக்குறைய நூறு வயதான நாவல், உடைத்துச் சொன்னால் தவறில்லை: கொன்றவர் கதை சொன்ன டாக்டர். மிரட்டிப் பணம் பறித்தவரும் அவரே.

பெட்டியில் ஓர் அமைதி. பிறகு கூச்சல். “ஏமாத்து வேலை” என்றார் கம்பவுண்டர். “கூடவே வந்துட்டு, கடைசியில நான்தான்னா? நாம என்ன கேனையனுங்களா?” இதே கூச்சல் 1926-ல் இங்கிலாந்திலும் எழுந்ததாம். படிக்கிறவனை ஏமாற்றியது முறையா என்று வழக்கே நடந்திருக்கிறது, பத்திரிகைகளில். டோரதி சேயர்ஸ், எல்லாரையும் சந்தேகப்படுவது வாசகரின் வேலை என்று கிறிஸ்டிக்காகப் பரிந்து பேசினார். ரொனால்டு நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-ல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். துப்பறிபவரின் தோழன் தன் மனதில் ஓடுவதை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. 1945-ல் அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன், அக்ராய்டை யார் கொன்றால் யாருக்கென்ன என்று தலைப்பு வைத்தே கட்டுரை எழுதினார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த சேயர்ஸ், பத்திர எழுத்தர்தான்.

“அவன் பொய் எங்க சொன்னான்?” என்றார். “கடிதம் வந்தது எட்டு நாப்பதுக்கு. இவன் கெளம்பினது எட்டு அம்பதுக்கு. கடிதம் அப்பவும் படிக்கல. தம்பி சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. நடுவுல பத்து நிமிஷம். அதுல என்ன நடந்துச்சுன்னு அவன் எழுதல. எழுதாம விட்டது பொய்யா? அப்படின்னா நான் எழுதின பத்திரத்துல பாதி பொய். சக்குபந்தி நாலு எல்லையும் சரியா இருக்கும், தாய்ப் பத்திரம் நம்பர் சரியா இருக்கும். வில்லங்கம் எங்க இருக்குன்னா, எழுதாத எடத்துல இருக்கும். வாங்கறவன்தான் பாக்கணும்.”

“அது வேற சார். இங்க நான்னு சொல்றான்ல?” என்றார் கம்பவுண்டர்.

“நான்னு எழுதறவன்லாம் நானா? காலையிலேர்ந்து சாயங்காலம்வரைக்கும் பத்துப் பேருக்கு நான் ‘நான்’னு எழுதறேன். என் நிலத்தை, என் சுயபுத்தியோட, என் தேவைக்காக விக்கறேன்னு எழுதறேன். எனக்கு ஏது நிலம்?”

ஃபிட்டர் அண்ணனுக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் மனதில் நின்றது. “பத்து நிமிஷத்துல நாங்க எஞ்சினையே மாத்தி அனுப்பிடறோம். ஒரு ஆள் என்னா பெரிய வேலை?”

கொய்யாக்கார ஆயா மட்டும் தீர்ப்பையே ஒப்புக்கொள்ளவில்லை. டாக்டருக்கு ஓர் அக்கா உண்டு, கரோலின். வீட்டை விட்டு நகராமல் பால்காரன், வேலைக்காரி வழியாக ஊர்ச் சேதி மொத்தத்தையும் திரட்டிவிடுகிறவள். மிஸ் மார்ப்பிள் என்ற கிழவியை உருவாக்கத் தனக்கு வழிகாட்டியவள் இந்தக் கரோலின்தான் என்று கிறிஸ்டியே நினைத்தார். ஆயா சொன்னது: “அந்த அக்காக்காரிக்குத் தெரியாம அந்த வூட்ல ஒரு தும்மல் வராது. தம்பி மாட்டிக்குவான்னு தெரிஞ்சி அவ போயி குத்தியிருப்பா. இவன் பழிய ஏத்துக்கினான். மீசக்காரன் ஏமாந்துட்டான்.” எல்லாரும் சிரித்தோம். 1998-ல் பியர் பயார் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் இந்த நாவலைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். புவாரோ தவறான ஆளைப் பிடித்துவிட்டார், தம்பியைக் காப்பாற்றக் கொன்றவள் கரோலின் என்பது அவர் வாதம். அதைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்குக் கொய்யா வாசனை அடித்தது.

இனி என் பத்து நிமிஷம்.

புத்தகத்தைப் பற்றி முதலில் எழுதியதைத் திரும்பிப் பாருங்கள். அட்டை இல்லை என்றேன். கடைசிப் பக்கங்கள் இல்லை என்று எழுதவில்லை. ரயிலில் அப்படிச் சொன்னேன் என்றுதான் எழுதினேன். ஒரே மூச்சில் படித்து முடித்ததாகவும் எழுதியிருக்கிறேன். 25, 26, 27 மூன்று அத்தியாயங்களையும் ஒரு ஞாயிறு இரவு நானே கிழித்து, அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்தேன். காந்தி வீதிச் சந்தைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போகவே இல்லை. கதை முடிந்தால் பெட்டி பழையபடி ஆகிவிடும், அவரவர் மாத நாவலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள் என்ற பயம் ஒரு காரணம். மயிலத்தில் ஏறுகிறவருக்காகக் கதையை மயிலத்திலிருந்து தொடங்கிய காரணம் இன்னொன்று. கிறிஸ்டிகூட அந்த 1926 டிசம்பரில் 11 நாள் காணாமல் போனார். வடக்கே ஹாரோகேட் ஊரில் ஒரு ஹோட்டலில் வேறு பெயரில் தங்கியிருந்தபோது கண்டுபிடித்தார்கள். அந்த 11 நாளைப் பற்றித் தன் சுயசரிதையில் ஒரு வார்த்தை எழுதவில்லை. அவ்வளவு மனவலிமை எனக்கில்லை.

அன்று கூச்சல் ஓய்ந்ததும் டீச்சர் கையை நீட்டினார். புத்தகத்தையும் உதிரிப் பக்கங்களையும் கொடுத்தேன். முண்டியம்பாக்கம் வந்துகொண்டிருந்தது, எல்லாரும் பையைத் தேடினார்கள். அவர் புத்தகத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த கிழிந்த ஓரத்தோடு என் பக்கங்களின் ஓரத்தை மெதுவாகச் சேர்த்துப் பார்த்தார். ஒரு மூலையில் முக்கோணமாகக் கிழிந்திருந்தது. அது தன் இடத்தில் போய்ச் சரியாக உட்கார்ந்தது.

“கிழிசல் பொருந்துது சார்” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். பாகு வாசனை ஏறியது.

“படிச்சிட்டுத் தரேன்.”

நான்கு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். மூன்று அத்தியாயங்களையும் மைதாப் பசை காய்ச்சி முதுகோடு ஒட்டி, காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தார். உள்ளே ஒரு குறிப்பும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். மற்றவர்களிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. அந்தக் கோடை விடுமுறைக்குப் பிறகு கள்ளக்குறிச்சிப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். பாதை பின்னால் அகலப் பாதை ஆனது. பெட்டிகள் மாறின. ஃபிட்டர் அண்ணனின் ஷெட்டும் பழைய ஷெட்டாக இல்லை.

புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மைதாப் பசை என்றால் ராமபாணப் பூச்சிக்கு உயிர். முதுகை அரித்துத் தின்றுவிட்டது. போன வாரம் அலமாரியிலிருந்து எடுத்தபோது, கடைசி மூன்று அத்தியாயங்களும் மறுபடி தனியாகக் கையோடு வந்தன.